விடுதிக்கு ஊர் வந்த கதை

ஜவ்வாது மலையில் குடியேற்றம் எப்படி நடந்தது என்று ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் அதை எழுதிவைத்திருக்கிறார். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். கிடைக்கவில்லை. கோபத்தில் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு கங்குந்திக்குப் போய்விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். “நாய் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டதாக நினைத்துக் காரியம் செய்துவிடுங்கள்” என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வழியில் ஆற்றில் வெள்ளம். ஆண்கள் அக்கரை சேர்ந்தார்கள். நாய்கள் பாதியிலேயே திரும்பி வீடு வந்துவிட்டன. வேலை முடித்து ஆண்கள் ஊர் வந்தபோது அவர்களுக்கு எல்லாச் சடங்கும் முடிந்திருந்தது. செத்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போய் விவசாயம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் கதையில் எல்லாம் பெண்களால்தான் நடக்கிறது, ஆனால் ஒரு பெண்ணும் வாய் திறப்பதில்லை. பெண் கேட்கிறார்கள், மறுக்கிறார்கள், தூக்குகிறார்கள், மீட்கிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில் இன்று பெரும்பாலும் வாழ்வது மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள், அவ்வளவுதான். பேசுவது தமிழ். சாமை, புளி, தேன், பலா என்று மலை கொடுப்பதில் வாழ்க்கை. ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் காட்டுவழி. அதனால் இங்கே படிப்பு என்றால் பெரும்பாலும் அது உண்டு உறைவிடப் பள்ளிதான்.

அந்தப் பள்ளிகளிலும் ஆண்டு விழா நடக்கிறது. சீரியல் பல்பு, வாடகை மைக் செட், வரவேற்பு நடனம், ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவளுக்கு எவர்சில்வர் டப்பா, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. சமவெளிப் பள்ளிகளில் நடப்பது போலத்தான். இந்த வழக்கமெல்லாம் எங்கே பிறந்தது? பெண்பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து தங்கிப் படிக்கும் இடத்தில் விழா எதற்கு வந்தது? பதில் தேடினால் கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, இருநூறு ஆண்டு பின்னால்.

ஒரு மழை இரவு

1819 ஜூனில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘இண்டஸ்’ என்ற பாய்மரக் கப்பல் கிளம்பியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த நான்கு தம்பதிகள் அதில் இருந்தார்கள்: வின்ஸ்லோ, ஸ்பால்டிங், உட்வார்டு, ஸ்கடர். வின்ஸ்லோவின் மனைவி ஹாரியட்டுக்கு அப்போது வயது 23. கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் ஊர்க்காரர். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

1820இல் வின்ஸ்லோ தம்பதி யாழ்ப்பாண நகருக்கு வடக்கே உடுவிலில் குடியேறினார்கள். ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் என்பது பெற்றோருக்கு உடனே புரிந்தது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு? உத்தியோகம் கிடையாது. மேலும் அந்த நாளில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயிலில் ஆடுபவள் என்ற நினைப்பு ஊரில் இருந்தது. கௌரவமான குடும்பத்துப் பெண் புத்தகத்தைத் தொட்டால் பேர் கெடும் என்று தாய்மாரே பயந்தார்கள்.

ஹாரியட் நோட்டுப் புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஊசியை எடுத்தார். உடுவில் பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. அவர் உட்கார்ந்து தைப்பதை இரண்டு சிறுமிகள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். தைக்கப் பழகினால் ஆளுக்கொரு சட்டை என்று ஆசை காட்டினார். அவர்கள் வந்தார்கள். ஊசியோடு கூடவே எழுத்தும் வந்தது. பகலில் வந்து பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். ஒருநாள் மாலை பெருமழை. வீட்டிலிருந்து யாரும் அழைக்க வரவில்லை. பசியில் பிள்ளைகள் அழுதார்கள். ஆனால் அந்நியர் வீட்டுச் சோற்றை எப்படித் தொடுவது? பசி வென்றது. சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிப்போனார்கள். மறுநாள் தகப்பன் வந்தார். சோறு தின்றாகிவிட்டது, இனி வீட்டுக்கு அழைத்துப்போய் என்ன ஆகப்போகிறது, இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி முறையாகத் தொடங்கியது. ஆசியாவிலேயே பெண்களுக்கு ஏற்பட்ட முதல் விடுதிப் பள்ளி என்று அதைச் சொல்வார்கள். இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக நடக்கிறது.

தெருவைக் கடக்காத பள்ளி

ஏன் விடுதி? பகலில் வந்து போகும் பள்ளி போதாதா? போதாது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் சாமத்தியப்பட்டால், அதாவது பூப்படைந்தால், அதோடு அவளுக்குத் தெரு முடிந்தது. ஒன்பது, பத்து வயதில் பகல் பள்ளிக்கு வருபவள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பக்குவம் வருவதற்குள் நின்றுவிடுவாள். அவள் மேலே படிக்க வேண்டுமானால் தெருவில் இறங்காமலே படிக்க வேண்டும். சுற்றுமதிலுக்குள் படுக்கை, அடுக்களை, வகுப்பு, தேவாலயம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது பார்த்தால் விடுதி மதில் சிறை போலத் தெரியும். அன்று அந்த மதில் இருந்ததால்தான் படிப்பே நடந்தது.

ஆனால் மதில் கட்டிவிட்டால் ஊர் விட்டுவிடுமா? வெளியிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. உள்ளே பிள்ளைக்கு என்ன கொடுக்கிறார்கள்? யார் சமைக்கிறார்கள்? மதம் மாற்றிவிடுவார்களா? இவளை யார் கட்டுவார்கள்? பள்ளி ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திப் பதில் சொன்னது. இன்று நாம் விடுதிப் பள்ளியின் பாரம்பரியம் என்று பெருமையோடு சொல்லும் பலவற்றுக்கு வேர் அங்கேதான். அழகுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அவை தொடங்கவில்லை. ஊரைச் சமாதானப்படுத்தி ஒரு பெண்ணை இன்னும் ஓர் ஆண்டு வைத்துக்கொள்வதற்காகத் தொடங்கியவை.

சில வழக்கங்கள் ஊருக்காகத் தொடங்கவில்லை, அமெரிக்காவுக்காகத் தொடங்கின. அங்கே ஒரு குடும்பமோ தேவாலயச் சங்கமோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால் அவர்கள் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் அவள் பார்த்தே இராத ஒரு வெள்ளைக்காரியின் பெயர். சட்டையும் சோறும் எழுத்தும் கொடுத்த பள்ளி, பிள்ளையின் பெயரை வாங்கிக்கொண்டது. இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் கதையைப் படிக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் கொடுத்த சீதனம்

எல்லாக் கேள்விக்கும் மேலே நின்ற கேள்வி கல்யாணம். யாழ்ப்பாணத்தில் சீதனம் இல்லாமல் பெண் வீட்டைத் தாண்ட முடியாது. அந்த வழக்கத்துக்குச் சட்ட பலமும் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்தாகவே எழுதப்பட்டிருக்கிறது. பள்ளியில் பல ஆண்டு இருந்துவிட்டு வரும் பெண்ணுக்கு யார் சீதனம் கொடுப்பது? மிஷனே கொடுத்தது. படிப்பு முடியும்வரை தங்கி, மணமாகிப் போகும் பெண்ணுக்கு ஒரு சிறு தொகை.

மாப்பிள்ளையும் பக்கத்திலேயே இருந்தார். உடுவிலுக்கு ஓராண்டு முன்பு, 1823இல், அதே மிஷன் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரியைத் தொடங்கியிருந்தது. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். படித்த பையனுக்குப் படித்த பெண் வேண்டும், கிறிஸ்தவனுக்குக் கிறிஸ்தவப் பெண் வேண்டும் என்பது மிஷனின் கணக்கு. உடுவில் பள்ளி பிறந்ததற்கு அதுவும் வெளிப்படையான காரணம். ஆகவே பள்ளியிலேயே பெண் பார்ப்பதும், பள்ளியிலிருந்தே மணமகள் கிளம்புவதும் நடந்தது. இன்றைய ஆண்டு விழாவுக்கு முன்னால் அங்கே நடந்த பெரிய விசேஷம் கல்யாணம்தான். உடன் படித்தவர்கள் தோழிகளாக நிற்க, தகப்பன் இடத்தில் பள்ளி நின்றது.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. சீதனத்தை ஒழிக்க வேண்டும் என்று பேசும் படிப்பு, சீதனம் கொடுத்துத்தான் வாசலைத் திறக்க முடிந்தது. கொஞ்ச காலத்தில் நிலைமை மாறியது. உடுவிலில் படித்தவள் என்பதே பெண்ணுக்கு மதிப்பாகிவிட்டது. தொகை கொடுத்துப் பிள்ளையை அழைத்த பள்ளிக்குப் பெற்றோரே பணம் கட்டிப் பிள்ளையை அனுப்பத் தொடங்கினார்கள்.

ஹாரியட் அதைப் பார்க்கவில்லை. 1833 ஜனவரியில், 36 வயதில், உடுவிலிலேயே இறந்துபோனார். கணவர் மைரன் வின்ஸ்லோ பின்னர் சென்னைக்கு வந்தார். 1862இல் வெளியான பெரிய தமிழ் - ஆங்கில அகராதி அவர் தொகுத்ததுதான். அவர்கள் மகளின் வழியில் வந்த கொள்ளுப்பேரர்களில் ஒருவரான ஜான் பாஸ்டர் டல்லஸ் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராக இருந்தார்.

ஊர் முன்னால் படித்தவள்

கல்யாணத்துக்கு அடுத்தபடி முக்கியமானது பொதுத் தேர்வு. இன்று நாம் நினைப்பது போல மௌனமாக உட்கார்ந்து தாளில் எழுதும் தேர்வு இல்லை. அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு நாள் பெற்றோர், ஊர்ப் பெரியவர்கள், மற்ற நிலையங்களின் பாதிரிமார், சில சமயம் அரசு அதிகாரி எல்லோரையும் அழைப்பார்கள். சபை நடுவே பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். வாசிக்கச் சொல்வார்கள், கணக்குக் கேட்பார்கள், வரைபடத்தில் ஊர் காட்டச் சொல்வார்கள். தைத்த துணிகளை மேசையில் பரப்பிவைப்பார்கள். முடிவில் பரிசு.

ஆண்பிள்ளைக்கு அது ஒரு சோதனை. பெண்பிள்ளை விஷயத்தில் சோதனை சபைக்கு. தன் மகள் ஆட்கள் நடுவே குரல் எடுத்துப் படிப்பதைத் தகப்பன் முதல் தடவையாகக் கேட்கிறார். பக்கத்து ஊர்க்காரரும் கேட்கிறார். படித்ததால் இவள் அடக்கம் கெட்டுப்போகவில்லை, தையல் தெரிகிறது, கணக்குத் தெரிகிறது என்று நாலு பேர் கண்ணால் கண்டு சாட்சியாகிறார்கள். அடுத்த ஆண்டு அந்த நாலு பேரில் ஒருவர் தன் மகளைக் கொண்டுவந்து விடுவார். பரிசளிப்பு விழாவின் பிறப்பிடம் இந்தத் தேர்வு நாள். நாற்காலிகளில் உட்காரவேண்டியவர்கள் யார் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆயிரம் பெண்களின் தாய்

ஹாரியட்டுக்குப் பின் ஸ்பால்டிங் தம்பதி பள்ளியைப் பார்த்துக்கொண்டார்கள். 1840இல் நியூயார்க்கிலிருந்து எலைசா ஆக்னியூ வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எட்டு வயதில் பூகோள வகுப்பில் ஆசிரியை உலக வரைபடத்தைக் காட்டி ஒரு மிஷனரிப் பெண்ணின் கல்லறையைப் பற்றிச் சொன்னபோதே கடல் கடந்து போவதென்று முடிவெடுத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டு பள்ளியை நடத்தினார். ஒருமுறைகூட அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவில்லை. 1883இல் மானிப்பாயில் இறந்தார். முதலில் படித்தவர்களின் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் அவரே பாடம் சொன்னார். ‘ஆயிரம் பெண்களின் தாய்’ என்று பெயர் வந்தது.

விடுமுறை வந்தால் ஆக்னியூ ஊர் ஊராகப் போய்த் தன்னிடம் படித்தவர்களை வீட்டிலேயே பார்ப்பார். எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள், படித்த எழுத்து மறந்துபோயிற்றா என்று விசாரிப்பார். பெண் வேறு வீடு போனபின் அவளைத் தேடி வருவது அண்ணன் தம்பி மட்டும்தான் என்றிருந்த ஊரில், ஒரு ஆசிரியை வந்தார். இன்று கொழும்பிலும் லண்டனிலும் டொரான்டோவிலும் யாழ்ப்பாணப் பள்ளிகளின் பழைய மாணவிகள் சங்கங்கள் கூடி விருந்து வைக்கிறார்கள், பள்ளிக்குப் பணம் சேர்க்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் புழுதி பறக்கும் ஒழுங்கைகளில் வீடு வீடாக நடந்த இந்த அம்மாளின் கால்கள் இருக்கின்றன.

அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்படும் இன்னொரு செய்தி, முழுப் படிப்பையும் முடித்தவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவராகாமல் வெளியேறவில்லை என்பது. மிஷனுக்கு அது வெற்றி. சைவக் குடும்பங்களுக்கு அதுதான் பயம்.

கைமாறிய வழக்கங்கள்

பயம் ஒருநாள் போட்டியாக மாறியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் உடுவிலுக்குப் பக்கத்திலேயே மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கு ஒரு விடுதிக் கல்லூரி தொடங்கினார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அவரை மணந்த லீலாவதி அம்மையார் அதை நடத்தினார். கோயில், தேவாரம், சைவச் சாப்பாடு எல்லாம் உள்ளேயே. வடிவம் அதேதான், அதே மதில், அதே மணி, அதே பரிசளிப்பு, சாமிதான் வேறு. இன்று யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் நவராத்திரிக்கு வாணி விழாவும் கிறிஸ்துமஸுக்கு ஒளி விழாவும் நடக்கும்.

பெண்ணை விடுதிக்கு அனுப்பக் குடும்பத்தை நம்பவைப்பது என்ற இதே பிரச்சினையைச் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி வேறு பக்கமிருந்து எதிர்கொண்டார். தானே குழந்தைப் பருவத்தில் விதவையானவர். 1911இல் பட்டம் பெற்று, அடுத்து இளம் விதவைகளுக்கு விடுதி தொடங்கினார். அது பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு வந்தது. வைதிகக் குடும்பங்கள் நம்பிப் பெண்ணை அனுப்ப வேண்டும் என்பதற்காக அடுக்களை ஆசாரத்தை அவர் கறாராகக் காத்தார். அதற்காக விமர்சனமும் வாங்கினார். ஆசாரம் அடுக்களையில் இருக்கட்டும், பெண் படிக்கட்டும் என்பது அவர் வழி. 1930இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவை தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் தட்டினார்கள். எந்த விடுதியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. எழுத்துக் கற்றவள் கோயிலில் ஆடுபவள் என்று உடுவிலில் பயந்தார்கள். ஆடும் குடும்பத்தில் பிறந்தவளுக்கு எழுத்துக் கற்க இடமில்லை என்று சென்னையில் கதவைச் சாத்தினார்கள்.

விளையாட்டு விழா வேறு வழியாக வந்தது. இங்கிலாந்தின் ஆண்கள் விடுதிப் பள்ளிகளில் பையன்கள் ஒரே கூரையின் கீழ்த் தங்கவில்லை. ஆசிரியர் ஒவ்வொருவர் நடத்தும் தனித்தனி வீடுகளில் தங்கினார்கள். வீட்டுக்கு வீடு போட்டி வந்தது. அந்த ஏற்பாடு கடல் கடந்து, விடுதியே இல்லாத பள்ளிகளிலும் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ‘இல்லங்கள்’ ஆனது. யாழ்ப்பாணத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றால் ஓட்டத்தைவிட இல்ல அலங்காரத்துக்கே கூட்டம் அதிகம். 1891இல் மாசசூசெட்ஸில் பிறந்த கூடைப்பந்து, இங்கிலாந்தில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரி வழியாக வலைப்பந்தாகி இலங்கைப் பெண்கள் பள்ளிகளின் விளையாட்டானது. தாவணியை இடுப்பில் செருகி ஓடும் பெண்ணை ஊர் கூடிக் கைதட்டிப் பார்க்க ஆரம்பித்தது, தேர்வு நாளில் அவள் குரலைக் கேட்கப் பழகியதற்கு அடுத்த படி.

அதே கப்பலில் வந்த இன்னொருவர்

1819இல் ‘இண்டஸ்’ கப்பலில் வின்ஸ்லோ தம்பதியோடு வந்த ஜான் ஸ்கடர் மருத்துவர். அவருடைய பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பேத்தி ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அவரிடம் பிரசவ உதவி கேட்டு வந்ததும், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று அவர்கள் மறுத்ததும், மூன்று பெண்களும் இறந்ததும் பலரும் அறிந்த கதை. அந்த இரவு அவரை மருத்துவராக்கியது. 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். தங்கிப் படிக்கும் பள்ளிதான் அதுவும். முதல் அணியில் 14 பேர் படித்து முடித்தார்கள். உடுவிலில் சட்டைத் துணியோடு தொடங்கியது, அதே கப்பலில் வந்தவரின் வழித்தோன்றல் ஒருவர் கையில், பெண் மருத்துவராகி வெளியே வருவதில் வந்து நின்றது.

வேலூருக்குத் தெற்கே நிற்கும் மலை ஜவ்வாது.

மலையின் கணக்கு வேறு

மலையில் உண்டு உறைவிடப் பள்ளி வந்த காரணம் யாழ்ப்பாணத்துக் காரணம் இல்லை. மலையாளிப் பெண்ணை யாரும் மதிலுக்குள் வைக்கவில்லை. அவள் காட்டுக்கும் போகிறாள், கழனிக்கும் போகிறாள், சந்தைக்கும் போகிறாள். இங்கே தடை தூரம். இன்னொன்று பிழைப்பு: அப்பா அம்மா இருவரும் வெளியூருக்கு வேலைக்குப் போகும் மாதங்களில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் அந்தக் கேள்விக்கு வந்த பதில். பெண் கல்வி பின்தங்கிய ஒன்றியங்களுக்கென்று மத்திய அரசு 2004இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாத் திட்டமும் அதே வழியில் வந்ததுதான்.

கல்யாணக் கணக்கும் நேர்மாறு. யாழ்ப்பாணத்தில் பெண் வீடு சீதனம் கொடுக்கும். மலையாளிகளின் வழக்கத்தில் மாப்பிள்ளை வீடு பரியம் கொடுக்கும். அங்கே பெண்ணைக் கட்டிக்கொடுப்பது செலவு என்பதால் பயம். இங்கே கட்டிக்கொடுக்காமல் வைத்திருப்பதுதான் குடும்பத்துக்கு யோசனை. உழைக்கும் கை ஒன்று வீட்டை விட்டுப் போவதற்கு ஈடாகத்தான் பரியம். ஆகவே உடுவில் போலப் பள்ளி சீதனம் கொடுத்து இங்கே எதையும் சாதிக்க முடியாது. பள்ளி ஊருக்குக் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தப் பெண் இன்னும் நாலு ஆண்டு படித்தால் வீட்டுக்கு வருவது பரியத்தைவிடப் பெரியது.

அதற்குச் சாட்சி மலையிலேயே இருக்கிறது. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 2024 பிப்ரவரியில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்ற செய்தி வந்தபோது அவருக்கு வயது 23. தமிழ்நாட்டின் பழங்குடிப் பெண்களில் முதல் உரிமையியல் நீதிபதி என்று முதலமைச்சர் வரை பாராட்டினார்கள். அவர் தேர்வு எழுதியது பிரசவமான இரண்டாம் நாள், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் சென்னைக்குப் போய். அவரும் மலையில் கல்யாணமான பெண்தான். கல்யாணமானால் படிப்பு முடிந்தது என்ற கணக்கை அவரும் கணவரும் தாயும் சேர்ந்து பொய்யாக்கினார்கள். படிப்புக்காக அவர் குடும்பம் ஏலகிரிக்குக் குடிபெயர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பெண் படிக்க வேண்டுமென்றால் வீடே இடம் மாற வேண்டியிருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வரவேண்டுமே என்பது மலைப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் இருக்கும் கவலை. தேர்வில் தோற்பதால் படிப்பு நிற்பதைவிட, விடுமுறையில் ஊரில் எடுக்கும் முடிவால் நிற்பது அதிகம். அந்த முடிவை எடுப்பவர்கள் அம்மா, அப்பா, தாய்மாமன், ஊர்த் தலைவர்களான ஊர்க் கவுண்டர், நாட்டார். இவர்களில் எத்தனை பேர் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைக்கப்படுகிறார்கள்? வந்தால் எங்கே உட்காருகிறார்கள்? முன்வரிசை அதிகாரிகளுக்கு. சிறப்புரை முடிவதற்குள் இருட்டிவிடும். மலையில் கடைசிப் பேருந்தை விட்டால் ஊர் போய்ச் சேர முடியாது. மகள் மேடை ஏறுவதற்குள் தாய் கிளம்பிவிடுகிறாள்.

விழா பிறந்த நாளில் இப்படி இருக்கவில்லை. உடுவிலில் தேர்வு நாள் பெற்றோர் பார்க்க நடந்தது, அதிகாரி சில சமயம் உடனிருந்தார், அவ்வளவுதான். இருநூறு ஆண்டில் வடிவம் மட்டும் தங்கி, காரணம் கழன்றுபோய்விட்டது. மதமாற்றமும் பெயர்மாற்றமும் நமக்கு வேண்டாம். எடுத்துக்கொள்ளத் தகுந்தவை மூன்று: பிள்ளை ஊர்முன் எழுந்து நின்று படிப்பது, விடுமுறையில் ஆசிரியர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, படித்து முடித்தவள் திரும்பி வந்து சின்னவர்கள் முன் நிற்பது. இதற்கு மைக் செட்கூடத் தேவையில்லை. பெரியவர்கள் வேலைக்கு வெளியூர் போகாத மாதத்தில், பொங்கல் விடுமுறைக்கு முன்னால், பகல் வெளிச்சத்திலேயே நடத்திவிடலாம். ஊர்க் கவுண்டர் கையால் பரிசு கொடுக்கச் சொல்லலாம். தன் கையால் பரிசு கொடுத்த பெண்ணை அடுத்த மாதம் பள்ளியிலிருந்து நிறுத்து என்று அவர் வாயால் சொல்வது கஷ்டம்.

ஆண்டு விழா அழைப்பிதழ் அச்சாகும்போது யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று பள்ளிகளில் நிறைய யோசிக்கிறார்கள். அந்த யோசனையில் பாதியை, அழைப்பிதழ் முதலில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் செலவிடலாம். எட்டாம் வகுப்போடு மகளை நிறுத்திவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அது முதலில் போக வேண்டும். தலைமையாசிரியரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.